தவமணி அக்காவின் ஜப்பான் கொண்டை

"இதுல பொண்ணு எங்க?"

கேட்டவர் மாப்பிள்ளையின் அக்கா கமலா. கேட்ட இடம், பதுளையில் நான் படித்த தொழிற்பயிற்சி நிலையத்தின் தையல் வகுப்பறை. அவர் தேடிய பெண் அவருக்கு எதிரில், கை எட்டும் தூரத்தில், முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் என் அக்கா தவமணி. முகமும் கழுத்தும் முதுகின் மேற்பகுதியும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. கண்ணோரத்தில் சிவப்புக் கோடு. உதட்டின் நடுவில் மட்டும் சிறு மொட்டுப் போலச் சாயம். கருநீல அங்கி, சரிகை இடுப்புப் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொண்டை. கொண்டை என்பது மரியாதைக்காகச் சொல்வது. பார்க்க அது ஒரு சின்ன மலை.

அக்கா அசையவில்லை. காலையிலிருந்து வந்தவர்களில் சிலர் அவளைப் பொம்மை என்று நினைத்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"உங்க முன்னாடிதாங்க உட்காந்திருக்காங்க" என்றேன்.

கமலா சட்டென்று பின்வாங்கினார். "ஐயோ சாமி! உசுரோடயா இருக்கு?"

மாப்பிள்ளை கணேசன் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைத் தலை நிறைய இழுத்துப் போர்த்தியபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற என் அம்மாவின் முகத்தில், எல்லாம் நினைத்தபடி போகிறது என்ற திருப்தி.

அன்று அங்கே நடந்தது பெண் பார்த்தல். அதைக் கெய்ஷா வேடத்தில் நடத்தியது என் அம்மாவின் யோசனை.

சீட்டில் வந்த நாடு

இந்தத் தொடரின் முந்தைய வாரங்களைப் படித்தவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே இருக்கிறது. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பகுதியில் வேலை. அம்மாவும் அக்காவும் மலையில் கொழுந்தெடுப்பவர்கள். இளையவளான எனக்குக் கணக்கும் கோடு போடுவதும் வந்ததால், துணி வெட்டும் வரைபடக் கலை படிக்கப் பதுளைக்கு அனுப்பினார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை.

ஆண்டு இறுதியில் கண்காட்சி. ஒவ்வொரு குழுவும் ஒரு நாட்டின் மரபு உடையைத் தைத்து, உயிருள்ள ஓர் ஆளுக்கு அணிவித்துக் காட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கினார்கள். இந்தியா வந்த குழு, சேலைக்குத் தையல் வேலையே இல்லை என்று மகிழ்ச்சியில் குதித்தது. எங்களுக்கு ஜப்பான்.

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் அப்போது ஜப்பானிலிருந்து தொண்டு ஆசிரியையாக வந்த ஒருவர் இருந்தார். மிச்சிக்கோ மிஸ். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கொழும்பில் பாடமாகப் படித்த சிங்களம் அவருக்கு. அப்புத்தளைக் கடைத்தெருவில் பொறுக்கிய சிங்களம் எங்களுக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எங்கள் பாடம் நடந்தது.

அவர் மேசைக்கு மேலே ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் வெள்ளை முகத்தோடு ஒரு பெண், திரும்பி நின்று பார்க்கிறாள். நாங்கள் எல்லோரும் அதையே காட்டினோம். "அது ஜப்பானில் எல்லோரும் உடுத்துகிற உடை இல்லை, அது கெய்ஷா" என்றார் மிஸ். எங்களுக்கு அதுதான் வேண்டும் என்றோம்.

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். "மூஞ்சில பூசிக்கிட்டு ஆடுறவங்களா? அவங்க என்ன மாதிரி பொம்பளைங்க?"

மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். சின்ன வயதிலேயே ஒரு வீட்டில் சேர்ந்து, ஆட்டமும் பாட்டும் நரம்பு வாத்தியமும் வருடக்கணக்காகப் பழகுகிறவர்கள். விருந்துகளுக்குப் போய் ஆடிப் பாடி, விருந்தாளிகளோடு பேசி, உபசரித்துவிட்டு வருவது அவர்களின் தொழில்.

அம்மா தலையை ஆட்டினார். "அப்ப வேலைக்குப் போற பொம்பளைங்கதான். இது வேலைக்குப் போட்டுக்கிற உடுப்பு."

பிறகு நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

கழுத்துக்காகக் கிடைத்த வேலை

யாருக்கு அணிவிப்பது என்று பேச்சு வந்தபோது மிஸ் எங்கள் வகுப்புப் பெண்களை வரிசையாக நிறுத்தி, திரும்பி நிற்கச் சொன்னார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த உடையின் அழகு பின்கழுத்தில் இருக்கிறதாம். கழுத்துப் பட்டியைப் பின்பக்கம் நன்றாக இறக்கி விடுவார்கள். முடி முழுவதும் மேலே ஏறிவிடும். நடுவில் கழுத்து தனியாகத் தெரியும். தையல் மெஷினில் குனிந்து குனிந்து எங்கள் எல்லோருக்கும் கூன் விழுந்திருந்தது.

எனக்கு அக்காவின் நினைவு வந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் மாட்டப்படும். கூடை முதுகில் தொங்கும். பாரத்தை வாங்குவது கழுத்து. ஏறுகிற மலையில் அந்தப் பாரத்தோடு நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவள் அக்கா. அவள் கழுத்து தூண் மாதிரி இருக்கும்.

"நானா? ஜப்பான்காரியா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங் கறுப்பு மூஞ்சிய வெள்ளையாக்க ஒங்க பள்ளிக்கூடத்துல இருக்கிற மாவு பத்துமாடி?"

ஆனாலும் வந்தாள்.

எட்டுத் துண்டுகள்

துணி வெட்டுகிறவளாக எனக்கு அந்த அங்கி பெரிய ஆச்சரியம். அதில் ஒரு வளைவு கிடையாது. கைக்குழி இல்லை, இடுப்பு வளைவு இல்லை. உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன் ஓரங்களுக்கு இரண்டு, கழுத்துப் பட்டிக்கு ஒன்று, அதை மூட இன்னொன்று. எட்டும் நேர்த் துண்டுகள். அளவுக்குத் தக்கபடி துணியை வெட்டுவதில்லை. உடுத்தும்போது மடித்து, இழுத்து, கட்டித்தான் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். பிரித்துத் தைத்தால் மறுபடியும் முழுத் துணி. சேலைக்குத் தூரத்துச் சொந்தம் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

பதுளைக் கடைத்தெருவில் ஜன்னல் திரைக்கு விற்கும் சாட்டின் துணியில் தைத்தோம். இடுப்புப் பட்டைக்கு, ஓபி என்பார்கள், அம்மாவின் கல்யாணச் சேலையின் முந்தானையை மடித்து உள்ளே காடாத் துணி வைத்தோம். வெட்டக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

முன்பக்கம் இடது ஓரம்தான் மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

"அத மொதல்ல சொல்லு" என்றார் அம்மா.

பட்டையைக் கட்டும்போது வேறொரு வேடிக்கை. கொழுந்தெடுக்கும் பெண்கள் செடி கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிச் சாக்கு கட்டுவார்கள். முடிச்சு முன்னால்தான் இருக்கும். அக்காவிடம் பட்டையைக் கொடுத்ததும் அவள் கை தானாகவே சுற்றி வயிற்றுக்கு நேரே ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கியது. மிஸ் பதறி ஓடி வந்தார். அந்தக் காலத்தில் முன்னால் முடிச்சுப் போட்டவர்கள் வேறு வகைப் பெண்களாம். கெய்ஷாவுக்கு முடிச்சு முதுகில் வர வேண்டும். கட்டிவிட இன்னோர் ஆள் வேண்டும்.

நான் இதை மொழிபெயர்த்ததும் அக்கா முடிச்சை அவிழ்த்தபடியே சொன்னாள்: "எங்க தோட்டத்துக்கு மட்டும் இந்த மிஸ்ஸ கூட்டியாந்திராத. பெரட்டுக் களத்துல நின்னாங்கன்னா மயங்கி விழுந்திருவாங்க." பெரட்டுக் களம் என்பது காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்; அங்கே எல்லாப் பெண்களுக்கும் முடிச்சு முன்னால்தான்.

முகப்பூச்சுக்குத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுகிறவர்களிடம் முத்துவெள்ளை வாங்கினோம். பூசுவதற்கும் விதி உண்டு. முடி தொடங்கும் இடம்வரை பூசக்கூடாது. நெற்றியோரத்தில் ஒரு மெல்லிய கோடு சொந்தத் தோலாக விட வேண்டும். பின்கழுத்திலும் இரண்டு நாக்குப் போலத் தோலை அப்படியே விடுவார்கள். முழுதாக மறைப்பதற்கில்லை அந்த வெள்ளை என்று மிஸ் சொன்னார். கீழே ஓர் ஆள் இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமாம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண்களுக்குப் போடும் பவுடரை நினைத்துப் பார்த்தேன். அங்கே கொஞ்சம் தோல் தெரிந்தாலும் பஞ்சை எடுத்துக்கொண்டு யாராவது ஓடி வருவார்கள்.

கொண்டை கடைசி வேலை. அப்பா தொழிற்சாலையில் கழித்துப் போட்ட சல்லடைக் கம்பி வலையைத் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கி வந்தார். அதைத் தலை அளவுக்கு வளைத்து, மேலே கறுப்பு நூலை இழை இழையாக ஒட்டினேன். மிஸ்ஸின் நாட்காட்டியைப் பார்த்துப் பக்கவாட்டு மடிப்புகளை வைத்தேன். வளர்ந்த கெய்ஷாவின் கொண்டையில் ஒரு சீப்பும் ஊசியும் போதும்; பூச்சரங்கள் பயிற்சிப் பெண்களுக்குத்தான். ஆனால் அம்மா விடவில்லை.

"பூ இல்லாம பொம்பளத் தலையா? ஒண்ணு வை."

மிஞ்சிய சிவப்புச் சாட்டினைச் சதுரமாக வெட்டி மடித்து ஐந்து இதழில் ஒரு பூச் செய்து செருகினேன். மிஸ் பார்த்துச் சிரித்தார். விளக்கப் பலகையில், தமிழிலும் சிங்களத்திலும், "இந்தப் பூ முறைப்படி இங்கே இருக்கக் கூடாது" என்று ஒழுங்காக எழுதி வைத்தேன். எனக்குப் பலகையில் பொய் எழுத வராது.

பூ வைக்க வந்த கை

இப்போது அக்காவின் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கூடைக் கயிறு உராய்கிற இடத்தில் முடி நிற்காது. முதலில் மெலியும், பிறகு உடையும், பிறகு முளைக்காது. உச்சியில் ஒரு வழுக்கை. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாப் பெண்களுக்கும் அது உண்டு. அம்மாவுக்கு உள்ளங்கை அளவு. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கல்யாணமானவர்களுக்கு முந்தானை இருக்கிறது, போர்த்திக்கொள்வார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அக்கா காலையில் எழுந்ததும் முதலில் செய்வது அந்த வேலைதான். இடது காதுக்கு மேலே ஒரு கற்றையைப் பிரித்து, எண்ணெய் தடவி, உச்சியைக் கடந்து வலது பக்கம் கொண்டுபோய், இரண்டு ஊசியால் குத்துவாள். மேலே கறுப்பு நாடா. பார்த்தால் தெரியாது. தொட்டால் தெரியும்.

அதற்கு முந்திய வருடம் கொஸ்லந்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பேச்செல்லாம் முடிந்து பூ வைக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணி மல்லிகைச் சரத்தோடு அக்காவுக்குப் பின்னால் நின்றார். ஊசி குத்த இடம் தேடிய அவர் விரல்கள் உச்சியில் நின்றன. முகம் மாறியது. பூவைத் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். வைத்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். பிறகு வரவில்லை.

அந்த அண்ணியும் கொழுந்தெடுத்தவர்தான். இதை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவருக்குத் தெரியாத விஷயமா அது? தெரிந்ததால்தான் அந்த விரல் நின்றதோ என்னவோ. தங்கள் வீட்டுக்கு வருகிறவளாவது கயிறு படாதவளாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். என்னால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில் அக்கா அழவில்லை. மறுநாள் பெரட்டுக்கு எப்போதும் போலப் போனாள்.

அம்மாவின் யோசனை

ஹாலிஎலயிலிருந்து அடுத்த பேச்சு வந்தபோது நான் கம்பி வலையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கணேசன், கடைத்தெருவில் ரேடியோ, டீவி திருத்துகிறவர். தெமோதரை கோயில் திருவிழாவில் அக்காவைப் பார்த்துவிட்டு அவரே கேட்டு அனுப்பியிருந்தார்.

அக்காவுக்கும் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை. ஒத்திகைக்காகப் பதுளைக்குப் போகும்போது, ஹாலிஎல வந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "கடைத்தெரு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அம்மா என் கையிலிருந்த கொண்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தலை முழுசையும் மூடிருமா?"

"காது வரைக்கும் மூடும்."

"அப்ப அவங்கள வீட்டுக்கு வரச் சொல்ல வேணாம். கண்காட்சிக்கு வரச் சொல்லுவோம். புள்ள அலங்காரத்தோட உக்காந்திருக்கட்டும். பாத்துட்டு அங்கனயே முடிவு சொல்லட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் தாலி ஏறிரும். ஏறினப்புறம் யாரு வந்து தலையத் தடவப் போறா?"

அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இது கடைசிம்மா. இதுவும் போச்சுன்னா, இனி யாரையும் கூட்டியாந்து எந் தலைக்கு முன்னாடி நிறுத்தாதீங்க."

அம்மா கொண்டையை ஊதித் தூசி தட்டினார்.

சிநேகிதி, அதனால்

ஒத்திகை நாளில் சிக்கல் வந்தது. சொந்த முடியை நன்றாகப் பின்னுக்கு இழுத்துத் துணியால் கட்டினால்தான் கொண்டை உட்காரும். அக்கா கறுப்பு நாடாவை அவிழ்க்க மாட்டேன் என்றாள்.

"அப்பிடியே மேல வைக்கச் சொல்லு."

மிஸ் வைத்துப் பார்த்தார். கொண்டை ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி வைத்தார். மறுபக்கம் சாய்ந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் மற்றப் பெண்களைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அக்கா தானே ஊசிகளை உருவினாள்.

மிஸ் உச்சியைக் குனிந்து பார்த்தார். அடுத்த கணம் கையைத் தட்டிக்கொண்டு ஜப்பானிய மொழியில் என்னவோ கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா எழுந்துவிட்டாள். "வா போவோம். கேலி பண்ணவா கூப்பிட்ட?"

மிஸ் குறுக்கே வந்து நின்று அவசரச் சிங்களத்தில் கொட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மறுபடி மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.

அவருடைய பள்ளித் தோழி ஒருத்தி கெய்ஷாவாகப் போனவள். பயிற்சிக் காலத்தில் பொய் முடி கிடையாது, சொந்த முடிதான். உச்சியில் ஒரு கற்றையை இறுக்கிக் கட்டி, அதன்மேல்தான் கொண்டை முழுவதும் நிற்கும். கலையாமலிருக்க உயரமான கட்டையில் கழுத்தை வைத்துத் தூங்குவாள். இழுத்து இழுத்து அந்த இடத்தில் முடி போய்விட்டது. அந்தத் தொழிலில் இருந்த பல பெண்களுக்கு அது உண்டு. இதே இடத்தில், இதே மாதிரி. அதை இங்கே, பதுளையில், பார்ப்போம் என்று மிஸ் நினைக்கவே இல்லையாம்.

அக்கா மெல்ல உட்கார்ந்தாள்.

"வெக்கப்பட மாட்டாங்களாமா? கேளு."

கேட்டேன். மிஸ் யோசித்துத்தான் பதில் சொன்னார். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர் நான் உழைத்ததற்கு அடையாளம் என்பார்கள். தோழி முதலில் அழுதாளாம். பிறகு ஒருநாள் ஊருக்கு வந்தபோது முடியை விலக்கி மிஸ்ஸிடம் காட்டினாளாம்.

"இவங்ககிட்ட எதுக்குக் காட்டுனாங்களாம்?"

இந்தக் கேள்வி மிஸ்ஸுக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். கண்களை விரித்தார்.

"நான் அவளுடைய சிநேகிதி. அதனால்."

அக்கா தலையைக் குனிந்து கொடுத்தாள். மிஸ் துணியைச் சுற்றிக் கட்டுவதற்கு முன் ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டார். குழந்தையின் உச்சியைத் தொடுவது மாதிரி.

திரும்பி வருகிற ரயில் எல்ல ஸ்டேஷனைத் தாண்டியது. அக்கா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "அழுதுச்சாமே அந்தப் புள்ள. அழுதுட்டு அப்புறம் காட்டுச்சாமே."

கூடையில் என்ன?

கண்காட்சி நாள் காலையில் கொண்டையைக் கொண்டுபோக ஒரு பெட்டி கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய வாய் உள்ள சாமான் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. கொழுந்துக் கூடை. அதற்குள் வைத்து வெள்ளைத் துணி போர்த்தினோம். அக்கா பழக்கத்தில் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அப்புத்தளை ஸ்டேஷன்வரை நடந்தாள். பனிமூட்டத்தில் முன்னால் போகிற அவளைப் பார்த்தால், மலைக்கு வேலைக்குப் போகிறவள் மாதிரியே இருந்தது.

ரயிலில் கடலை விற்கிற ஒருவர் எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்னக்கா கூடையில?"

"மரக்கறி" என்றார் அம்மா.

"மரக்கறிக்கு வெள்ளைத் துணியா? மாப்பிள்ள மாதிரியில்ல ஒக்கார வச்சிருக்கீங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டார்.

பொண்ணு எங்க?

இப்படித்தான் அக்கா அந்த முக்காலிக்கு வந்து சேர்ந்தாள். கமலா கேட்ட கேள்விக்குத் திரும்பி வருகிறேன்.

உயிருள்ள பெண்தான் என்று தெரிந்த பிறகு கமலா அக்காவைச் சுற்றி ஒரு முறை நடந்தார். விளக்கப் பலகையை வாய்விட்டுப் படித்தார்.

"முகத்துல வெள்ளை. உதட்டுல சாயம். தலையில பொய் முடி." எங்கள் அம்மாவிடம் திரும்பினார். "எல்லாம் பொய்யாவே இருக்கே அத்தை. பொண்ணோட சொந்த முடி எம்புட்டு இருக்கும்?"

"இடுப்பு வரைக்கும் இருக்கும்மா" என்றார் அம்மா. அது உண்மைதான். பின்னல் இடுப்புவரை இருந்தது.

"அப்ப சரி. நல்ல முடி வேணும்னு அம்மா ஆசைப்படுறாங்க. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது, ஒயரும் பல்ப்பும்தான் தெரியும்."

"அக்கா" என்றார் கணேசன், ஜன்னலிலிருந்து திரும்பாமலே.

அப்போது அக்காவின் கைகள் உயர்ந்தன.

அகலமான சட்டைக் கை முழங்கைவரை சரிந்தது. வெள்ளைப் பூச்சு மணிக்கட்டோடு நின்றிருந்தது. அதற்கு மேலே தேயிலைச் செடி கீறிய கோடுகளோடு அவளுடைய சொந்தக் கை. இரண்டு கையாலும் கொண்டையைத் தூக்கி மடியில் வைத்தாள். அடியிலிருந்த துணிக் கட்டை அவிழ்த்தாள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் பக்கமாகத் தலையைக் குனிந்தாள்.

"அடிப் பாவி" என்று என் அம்மா மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"இது கூடைக் கயிறு பட்டது" என்றாள் அக்கா. "முந்தி வந்தவங்க இதத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போனாங்க. நீங்க கண்ணால பாத்துட்டு சொல்லுங்க."

அறையில் எங்கோ ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கமலா வாயில் கையை வைத்துக்கொண்டார். கணேசன் இப்போது முழுதாகத் திரும்பியிருந்தார்.

"வலிக்குமா?" என்று கேட்டார்.

"இப்ப இல்ல."

அவருடைய அம்மா முன்னால் வந்தார். குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"கயித்துக்கு அடியில துணி வச்சுக் கட்டலையா?"

"வச்சேன் அத்தை. மழையில நனைஞ்சா அந்தத் துணியே அறுக்கும்."

"ஆமா" என்றார் அவர். "அறுக்கும்."

அவர் தலையிலிருந்த முந்தானை அப்படியே இருந்தது. அதை அவர் விலக்கவில்லை. விலக்க வேண்டிய தேவையும் இல்லை.

"அம்மா, வீட்டுக்குப் போயி பேசிக்கலாமே" என்றார் கமலா.

"நீ போயி பேசு" என்றார் அந்த அம்மாள்.

அக்காவின் மடியிலிருந்த கொண்டையைப் பார்த்தார். என் சிவப்புத் துணிப் பூவை, முறைப்படி அங்கே இருக்கக் கூடாத அந்தப் பூவை, மெல்ல உருவினார்.

"இத வச்சா கிழியுமா பாப்பா?"

"கிழியாதுங்க. நல்லாத் தச்சிருக்கேன்" என்றேன்.

அவர் பூவை அக்காவின் உச்சிக்கு நேரே, அந்த இடத்தை மூடும்படி கொண்டுபோனார். பழகிய கை அங்கேதான் போகும். அக்கா கையை உயர்த்தி அவர் விரலைப் பிடித்தாள். பூவைத் தள்ளி, காதுக்கு மேலே கொண்டுவந்தாள்.

"இங்க வைங்க அத்தை."

அந்த அம்மாள் ஒரு கணம் நின்றார். பிறகு காதுக்கு மேலேயே செருகினார். வெள்ளை முகம், நெற்றியோரத்தில் மிஸ் சொல்லி விட்டுவைத்த சொந்தத் தோலின் கோடு, அதற்கு மேலே அதே நிறத்தில் உச்சி. ஒன்றும் மறையவில்லை.

"பொண்ணு எங்கன்னு கேட்டியே கமலா" என்றார். "இந்தா இருக்கு. பாத்துக்க."

திரும்பும் ரயில்

கண்காட்சி முடிந்ததும் அங்கியை நிலையத்தில் வைத்துக்கொண்டார்கள். கொண்டையை வைக்க அலமாரியில் இடமில்லை என்று திருப்பித் தந்தார்கள். மறுபடி கூடை. இந்த முறை அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா முகத்தை எத்தனை தரம் கழுவியும் காதுமடலில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. சிவப்புப் பூ அதற்கு மேலே. ஹாலிஎல வந்தபோது அவள் கடைத்தெரு எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. சரியான பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குக் கோபமா என்று தெரியவில்லை. ஜன்னல் காற்றில் அம்மாவின் முந்தானை நழுவித் தோளில் விழுந்தது. எடுத்துப் போட்டுக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் கூடையைப் பிடித்திருந்தார்.

காலையில் வந்த அதே கடலைக்காரர் வந்தார்.

"என்னக்கா, மரக்கறி விக்கலையா?"

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கூடையின் வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார்.

"மரக்கறி இல்ல தம்பி. முடி. எம் பெரிய மகளுக்காகச் செஞ்சது." துணியை மறுபடி மூடினார். "அவளுக்கு இனி வேணாமாம்."